வலீமாவும் விரதமும்

கேள்வி: கிண்ணியாவில் என்னோடு வேலை செய்பவரின் மகனுக்கு வலீமா, அதாவது கல்யாண விருந்து. அன்றைக்கு எனக்குக் கந்தசஷ்டி விரதம். போகாமல் இருக்க முடியாது. சஹன் சாப்பாட்டில் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வது? வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாமா?
– ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: வயிற்றை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? வயிறு சரியில்லை என்றால் அந்த மனிதர் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு உங்களுக்கு இஞ்சித் தேநீர் போட ஆள் அனுப்புவார். இரவு போன் எடுத்து, "இப்ப எப்படி?" என்று கேட்பார். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். பிறகு கந்தோரில் யாராவது உங்கள் விரதத்தைப் பற்றிப் பேச, குட்டு உடையும். 'இதைச் சொல்லக்கூட நான் அந்நியனா?' என்றுதான் அவருக்குத் தோன்றும்.

நோன்பு மாதம் முழுக்க விடியுமுன் சாப்பிட்டு, பொழுது சாயும் மஹ்ரிப் வரை பச்சைத் தண்ணீரும் படாமல் இருப்பவரிடம் விரதத்தை ஒளிப்பதா?

எப்போது சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சஹன் என்றால் ஒரே தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர். பாயில் உட்கார்ந்து, சோறும் இறைச்சியும் வந்து இறங்கிய பிறகு நீங்கள் கையை மடக்கினால், கூட இருப்பவர்களுக்கும் கை வராது. உங்களை உபசரிப்பதா, தாங்கள் சாப்பிடுவதா என்று தவிப்பார்கள். இரண்டு நாள் முந்தியே போன் எடுங்கள். "நானா (அண்ணன்), எனக்கு விரதம். கட்டாயம் வருவன், சாப்பாட்டுக்கு மட்டும் இருக்க மாட்டன்." போதும். 'நான் இறைச்சியே தொடுவதில்லை' என்று பிரசங்கம் செய்யாதீர்கள். அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு உங்களிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை.

இளநீரோ பழமோ தந்தால், உங்கள் விரத முறை இடம் கொடுத்தால், தயங்காமல் வாங்குங்கள். வட்டிலப்பத்தை மட்டும் இனிப்புத்தானே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் முட்டை இருக்கிறது. வந்ததும் என்வலப்பை நீட்டிவிட்டு ஓடவும் வேண்டாம். முன்பென்றால் 'பாதை (ஆட்களை ஏற்றும் படகு) போய்விடும்' என்று சாக்குச் சொல்லி எழும்பலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அதுவும் இல்லை. மாப்பிள்ளையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பெரியவர்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், 'வீட்டுக்காரருக்கு' என்று பார்சல் கட்டித் தருவார்கள். விரத நாட்களில் வீட்டுக்குள் மச்சம் (மீன், இறைச்சி) சேராது என்றால், அதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.