இயல்பிலேயே அமைதியான ஓர் ஆசிரியர் வகுப்பறையில் தன் பலம் எது என்று எப்படிக் கண்டறிவது?

கலகலப்பாகப் பேச வராததால் இந்தப் பணிக்கே தகுதியில்லையோ என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்காது என்றும், யாரோ உங்களை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்; எனக்கு நேர்ந்தது அதுதான்.

நான் கணித ஆசிரியர். தொடக்க காலத்தில் என் வகுப்பைப் பார்வையிட வந்த மூத்தவர் ஒருவர், பின் வரிசையில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு, மதிப்பீட்டுப் படிவத்தில் 'உற்சாகம்' என்ற கட்டத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணை இட்டு, பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியை பாடம் நடத்துவதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிச் சென்றார். அந்த ஆசிரியை பேசத் தொடங்கினால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள் என்பது உண்மையே. நானும் சில வாரங்கள் குரலை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் பலத்தை எனக்குக் காட்டியவை விடைத்தாள்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பிள்ளை எந்த வழியாக அந்த விடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத்தான் தோன்றும். அப்படி ஒரு மாணவியிடம், "2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படி சார் குறையும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பகுதிகளைச் சமமாக்குவது எதற்காக என்று அவளுக்கு விளக்க, அதன்பின் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். மற்றவர்கள் முயன்று பழக வேண்டிய அந்த மூன்று வினாடி நம்மைப் போன்றவர்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஆனால் பார்வையிட வருபவர்களின் படிவத்தில் சத்தத்துக்கும் கையசைவுக்கும் கட்டம் உண்டு. ஆசிரியர் பேசாமல் நின்று பிள்ளையை யோசிக்கவிடுவதைக் குறிக்க இடமே கிடையாது. இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு ஆறாத மனக்குறை அது.

உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் வகைப்படுத்திய 24 குணநலப் பலங்களை ஒட்டிய வினாப்பட்டியலை நிரப்பிப் பாருங்கள் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். நானும் நிரப்பினேன், கற்றலில் ஆர்வம் மேலேயும் நகைச்சுவை அடியிலும் வந்தன, அதில் எனக்கு வியப்பில்லை. இருப்பினும், கற்றலில் ஆர்வம் மிகுந்த ஆசிரியர் அதே ஆர்வத்தில் பிள்ளைகளை மறந்து தானே பேசிக்கொண்டிருக்கவும் கூடும். அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று பட்டியல் சொல்லாது. ஆகவே, எந்த வேலையில் உங்களுக்கு நேரம் போவது தெரிவதில்லை, எதற்காகச் சக ஆசிரியர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள், மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எதைக் கேட்க உங்கள் மேசையருகே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு பருவம் முழுவதும் குறித்துவையுங்கள்.

குறைகளைத் திருத்திக்கொள்ளாமலிருக்க இது நல்ல சாக்கு என்று சிலர் சொல்லக்கூடும். கடைசி வரிசைக்குக் கேட்காத குரலை அமைதி என்று நான் நியாயப்படுத்தவில்லை. கேட்கும் அளவுக்குக் குரலைப் பழக்கிக்கொண்டேன், அதற்கு மேல் நடிக்கவில்லை, அவ்வளவே.

பக்கத்து வகுப்பு ஆசிரியையும் நானும் பின்னர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். புதிய பாடத்தை இரு வகுப்புகளிலும் அவர் தொடங்கிவைப்பார். தேர்வுக்குப் பின் விடைத்தாள்களை வைத்து நடக்கும் பாடவேளை இரண்டிலும் என்னுடையது. கால அட்டவணையை மாற்ற அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உங்களோடு ஒப்பிடப்படும் அந்த ஆசிரியரிடமும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். விடைத்தாள் கட்டு என்றாலே அவருக்கும் ஆகாமல் இருக்கக்கூடும்.