இந்தோனேசியத் தீவுகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: இந்தோனேசியா போக எந்த மாதம் நல்லது?

எந்தக் கடலுக்கு என்று சொல்லுங்கள். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று நேர மண்டலங்கள் உள்ள நாடு அது. பாலி, லொம்போக், கொமோடோ பக்கம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில். அதை நம்பி ஜூலையில் அம்போன் போனால் நனைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். மலுக்குத் தீவுகளின் அந்தப் பகுதியில் ஜூன், ஜூலைதான் கனமழை. தென்கிழக்குக் காற்று பண்டா கடலின் ஈரத்தை அள்ளிவந்து அங்கே கொட்டுகிறது. பாலிக்கு வரும் காற்றோ ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைத் தாண்டி வருவது.

கேள்வி: ஒரு வாரத்தில் பாலி, கொமோடோ, ராஜா அம்பத் மூன்றும் முடியுமா?

முடியாது. ராஜா அம்பத் பப்புவாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. சோரோங் நகரம் வரை விமானம், அங்கிருந்து தீவில் உள்ள வைசாய் ஊருக்குப் படகு. அதற்கு மட்டுமே ஒரு வாரம் வேண்டும். பாலியும் கொமோடோவும் என்றால் சரி. கொமோடோவின் வாசலான லபுவான் பாஜோவுக்கு விமானத்தில் போய்விடலாம். ஆனால் படகிலிருந்து இறங்கும் நாளிலேயே ஊர் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஒரு நாள் விடுங்கள்.

கேள்வி: விசா?

குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: குழந்தைகளோடு கிலித் தீவுகள் போகலாமா?

போகலாம். லொம்போக்கை ஒட்டிய மூன்று சின்னத் தீவுகள் அவை: திராவாங்கான், மேனோ, ஆயர். மோட்டார் வண்டியே கிடையாது. சைக்கிள், இல்லையென்றால் சிடோமோ என்ற குதிரை வண்டி. திராவாங்கானில் இரவுக் கூத்து அதிகம். மேனோ, ஆயர் அமைதியானவை. பாலியிலிருந்து விரைவுப் படகில் வந்தால் லொம்போக் நீரிணை குலுக்கும். திரும்பும்போது, மேலே சொன்ன அந்த ஒரு நாள்!

கேள்வி: பாலி பார்த்தாயிற்று. லொம்போக்கும் அதே மாதிரிதானே?

இல்லவே இல்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் 1856-இல் அதைக் கடந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், அக்கரையில் பறவைகளே மாறிவிட்டதைக் கண்டார். ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளிகள் அங்கே இருந்தன. காரணம் ஆழம். பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது சுமத்ரா, ஜாவா, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒட்டின. புலி பாலி வரை நடந்தே வந்தது (இன்று பாலியில் புலி அழிந்துவிட்டது). லொம்போக் நீரிணையின் ஆழம் 250 மீட்டருக்கும் மேல். அது வற்றவே இல்லை. ஆசிய விலங்குகளின் இந்த எல்லைக்குத்தான் வாலஸ் கோடு என்று பெயர்.

கேள்வி: கதை நன்றாக இருக்கிறது. ஆனால் லொம்போக்கின் ரிஞ்சானி மலைப் பாதையில் குரங்கு என் ரொட்டியைப் பிடுங்கியது. குரங்கு ஆசிய விலங்குதானே?

நல்ல கேள்வி. நீளவால் குரங்கு லொம்போக் மட்டுமல்ல, திமோர் வரை உண்டு. மனிதர்கள் படகில் கொண்டுபோயிருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. கொமோடோ உடும்பு அடித்துத் தின்னும் மான்கூட அப்படி வந்ததுதான் என்கிறார்கள்.

கேள்வி: ஒத்துவராததையெல்லாம் மனிதன் தலையில் கட்டினால் எந்த எல்லைக் கோட்டையும் நிரூபிக்கலாமே!

அந்தக் கோடு ஒரு மதில் என்று நான் எங்கே சொன்னேன்? உயிரியலாளர் ஹக்ஸ்லி ஒரு கோடு போட்டார், விலங்கியலாளர் வெபர் இன்னும் கிழக்கே தள்ளி இன்னொன்று. ஆசியப் பக்கத்துக்கும் ஆஸ்திரேலியப் பக்கத்துக்கும் நடுவில் இருப்பது கலப்பு மண்டலம்; அதற்கு வாலேசியா என்றே பெயர். தாண்ட முடிந்த சில இனங்கள் தாண்டின. புலி, காண்டாமிருகம் லொம்போக் நீரிணையைத் தாண்டவில்லை. அதற்கு விளக்கம் வைத்திருக்கிறீர்களா? குரங்கை விடுங்கள், ஐயா.

கேள்வி: விசா எவ்வளவு நாளுக்குத் தருவார்கள்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: மார்ச்சில் பாலி?

மழை இருக்கும், பரவாயில்லை. ஆனால் ந்யெப்பி என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். பாலி இந்துக்களின் சக ஆண்டு நாள்காட்டிப்படி புத்தாண்டு அது. பெரும்பாலும் மார்ச்சில் வரும். விமான நிலையமே 24 மணி நேரம் மூடிவிடும், தெருவிலும் நடமாடக் கூடாது.

கேள்வி: கூட்டமே இல்லாத தீவு ஒன்று சொல்லுங்கள்.

மலுக்குவில் உள்ள பண்டா தீவுகள். ஜாதிக்காய் ஒரு காலத்தில் இந்தச் சின்னத் தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. அதற்காக டச்சுக்காரர்கள் 1621-இல் அந்த மக்களைக் கொன்று குவித்தார்கள். 1667-இல் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் செய்த பிரெடா ஒப்பந்தத்தில் இங்குள்ள ரன் தீவு டச்சுக்காரர்களிடமே நின்றது, மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் நின்றது. நெய்ரா ஊரிலிருந்து பார்த்தால் எதிரே எரிமலை. கோட்டை, பவளப்பாறை எல்லாம் பக்கத்திலேயே. அம்போனிலிருந்து கப்பல் உண்டு, காற்று எழும்பினால் ரத்தாகும். இங்கே ஒரு நாள் இடைவெளி போதாது, மூன்று நாளாவது விடுங்கள்.