டெர்மினல்ல ஃபைலை எப்படி நகர்த்துறது, அழிக்கிறது?

தம்பி, சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் திருவிழா படமெல்லாம் டவுன்லோட்ஸ்ல கலந்து கெடக்கு, உபுண்டு டெர்மினல்ல எப்படி பிரிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. உபுண்டு ஒரு லினக்ஸ் சிஸ்டம், டெர்மினல்ங்கறது கமாண்ட் அடிக்கிற ஜன்னல். கமாண்ட் எல்லாமே சின்ன எழுத்து. மொதல்ல பிடபிள்யூடி அடிங்க, எந்த ஃபோல்டர்ல இருக்கீங்கன்னு காட்டும், அப்புறம் சிடி போட்டு டவுன்லோட்ஸுக்குள்ள போயி எல்எஸ் அடிச்சா உள்ள இருக்கறது வரிசையா வரும். எம்கேடிஐஆர் போட்டு ஒரு பேர் குடுத்தா புது ஃபோல்டர் ரெடி.

நகர்த்துறதுலதான் கவனம் வேணும். எம்வி, ஸ்பேஸ், ஸ்டார் புள்ளி ஜேபிஜி (*.jpg), ஸ்பேஸ், ஃபோல்டர் பேர்னு அடிச்சா படமெல்லாம் மொத்தமா போயிடும், ஆனா நெறைய கேமரா கடைசியில ஜேபிஜிய பெரிய எழுத்துல போடும், லினக்ஸுக்கு பெரிய எழுத்து வேற சின்ன எழுத்து வேற, அதனால அந்தப் படமெல்லாம் அங்கேயே நின்னுடும், பெரிய எழுத்துலயும் ஒரு தடவ அடிங்க. போற எடத்துல அதே பேர்ல வேற படம் இருந்தா கேக்காமலே அதை அழிச்சிட்டு உக்காந்துக்கும், ரெண்டு மூணு பேர் கேமரா படத்த ஒண்ணா சேர்க்கும்போது இது நடக்கும் லா. எம்விக்குப் பக்கத்துல ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஐ போடுங்க, கேட்டுட்டுதான் செய்யும்.

பேர்ல ஸ்பேஸ் இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடணும். இல்லனா பாதிப் பேர் அடிச்சு டேப் தட்டுங்க, மீதிய அதுவே எழுதிக்கும்.

அழிக்கிற கமாண்ட் ஆர்எம், அதைப் போட்டா குப்பைத்தொட்டிக்கே போகாது, போனது போனதுதான். அதனால அழிக்கப் போற பேரை மொதல்ல எல்எஸ்ல போட்டு என்னென்ன வருதுன்னு பாத்துட்டு அப்புறம் அழிங்க. அந்தப் படங்க திரும்பக் கெடைக்காது தம்பி, வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சிபி மைனஸ் ஆர் போட்டு ஃபோல்டர பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க.