குழந்தைக்கு வயிற்றுவலி, டெஸ்ட் எல்லாம் நார்மல்: வாசகர் கேள்விகள்

9 வயது மகளுக்கு மூன்று மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி. ரத்தம், மலம், ஸ்கேன் எதிலும் கோளாறு இல்லை. நடிக்கிறாளா?

இல்லை. வலி நிஜம். குடல் நரம்புகள் கூச்சம் கண்டிருக்கின்றன. மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும் வாயுவும் குடல் அசைவும் அவளுக்கு வலிக்கின்றன. பத்தில் ஒரு குழந்தைக்காவது இது உண்டு. இன்னொரு ஸ்கேன் வேண்டாம்.

பையனுக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது. மருந்தில்லாத வழி சொல்லவும்.

வயது? எத்தனை மாதமாக? எடை ஏறுகிறதா? எதுவுமே எழுதாமல் வழி மட்டும் கேட்டால் எப்படி? எடை குறைவு, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓயாத வாந்தி, காரணமில்லாத காய்ச்சல், வலப்பக்கமாகவே நிற்கும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர். மற்றதெல்லாம் அப்புறம்.

எழுந்ததும், பள்ளி விட்டு வந்ததும், படுக்கும்போதும் வலி பத்துக்கு எத்தனை என்று மகனிடம் கேட்டு எழுதி வைக்கிறேன். நான்கு மாத நோட்டை அனுப்பியிருக்கிறேன். வலி ஏன் குறையவில்லை?

நோட்டைப் பார்த்தேன். ஒரு நாளும் விடவில்லை நீங்கள். ஒரு ஞாயிறு 2, 2, 2; மறுநாள் காலை 7. அந்த 7-ஐப் பற்றி ஒரு வரி இல்லை. பரீட்சையா, சண்டையா, தூக்கமில்லையா?

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே கதைதான். கேட்பதுதான் அக்கறை என்று பெற்றோர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் லின் வாக்கர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி வயிறு வலிக்கும் குழந்தைகளையும் வலியில்லாதவர்களையும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். சில பெற்றோர் "ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்ற தோரணையில் பேசினார்கள், சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். வழக்கம்போல் இருந்த பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், முதல் வகையில் புலம்பல் ஏறக்குறைய இரட்டிப்பு, இரண்டாம் வகையில் பாதி. பேச்சை மாற்றினால் பிள்ளை மனம் நோகும் என்று பெற்றோர் பயந்தார்கள். வலிக்காரப் பிள்ளைகளோ அதுதான் இதமாக இருந்தது என்றார்கள்!

ஆகவே நோட்டை மூடுங்கள். நீங்களாகக் கேட்காதீர்கள். அவனே சொன்னால் "சரி, கொஞ்சம் மூச்சை இழுத்து விடு" என்று சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்கு அவனையும் கூப்பிடுங்கள். திட்டுவதும் கவனம்தான், அதுவும் வேண்டாம். மனநல ஆலோசகர்கள் தரும் நடத்தைப் பயிற்சியிலும் இது ஒரு முக்கியப் பகுதி. அதில் பெற்றோருக்கும் பாடம் உண்டு.

ஹிப்னாஸிஸ் பலன் தருமா? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளை மயங்கிவிடாது. கண்மூடி வயிற்றில் இதமான சூடு பரவுவதாகக் கற்பனை செய்வதுதான். நெதர்லாந்தில் 2007-இல் 53 பிள்ளைகளிடம் பார்த்தார்கள்: ஓராண்டு கழித்து ஹிப்னாஸிஸ் குழுவில் சுமார் 85 சதவீதம் பேருக்கு வலி பெரும்பாலும் போயிருந்தது, வழக்கமான சிகிச்சையில் 25. பின்னால் 260 பேரில் சுமார் பாதிப் பேரை ஒலிப்பதிவை வீட்டிலேயே கேட்கவைத்தும் பார்த்தார்கள். நேரடிச் சிகிச்சைக்கு அருகில் வந்தது. பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள்.

பால், கோதுமை இரண்டையும் நிறுத்திவிட்டோம். அடுத்து எதை நிறுத்துவது?

நிறுத்துவதை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு வாரம். மாற்றம் இல்லையென்றால் திரும்பக் கொடுங்கள். வளரும் பிள்ளை. எடையைப் பாருங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

வலி என்றால் லீவு போடலாமா?

காய்ச்சலும் வாந்தியும் இல்லையென்றால் போகட்டும். அரை நாளாவது.

தினமும் மலம் போகிறான், ஆனால் கல் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

அது மலச்சிக்கல். தினமும் போவதால் இல்லையென்று ஆகாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள், வலியைப் பற்றி அப்புறம் எழுதுங்கள். வயதோடு.