4கே டிவிக்குப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் சரிப்படுமா?

அண்ணாச்சி, புனலூர் கடையில் நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் போட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது, செங்கோட்டை வீட்டு 4கே டிவியில் மாட்டிப் படம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போது வரும் 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கி வைத்தவை. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கும் தனிச் சுற்று இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் முழுசாக வந்தது. அது இல்லையென்றால் பாரம் அத்தனையும் பிராசசர் தலையில்தான்; படம் திக்கித் திக்கி ஓடும், ஃபேன் கிரைண்டர் மாதிரி இரையும்.

ஏழாம் தலைமுறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் அதிலும் டிவியை மாட்டும் ஹெச்டிஎம்ஐ போர்ட் பல நேரம் பழைய 1.4 தான் இருக்கும், 4கேயில் நொடிக்கு 30 ஃபிரேமைத் தாண்டாது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு போர்ட் இருந்தால் ஹெச்டிஎம்ஐ 2.0 கன்வெர்ட்டர் போட்டு 60 ஃபிரேம் வாங்கலாம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் இன்டெல் என்100 பிராசசர் போட்ட மினி பிசியே மேல். யூடியூபின் ஏவி1 என்ற சுருக்க முறையையும் அது சிரமமில்லாமல் பிரிக்கும், கரண்டும் அதிகம் இழுக்காது.

எதை எடுத்தாலும் காசு கொடுக்குமுன் பென்டிரைவில் ஒரு 10 பிட் படம் கொண்டுபோய் விஎல்சி பிளேயரில் ஓடவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கம் ‘வீடியோ டீகோட்’ கோடு ஏற வேண்டும். அது தரையோடு கிடந்து சிபியு, அதாவது பிராசசர், 90 சதவீதத்தைத் தொட்டால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், மாற்றித் தரச் சொல்லி ஆரியங்காவு மலை ஏறி இறங்கப் போவது நீங்கள்தானே. அப்புறம், கடைத்தெரு இரைச்சலில் ஃபேன் சத்தம் தெரியாது, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.