கூட்டாளிகளை வெட்டிவிட ஹாஸ்டலா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. அவன் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் அப்பத்தாவும்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, இந்த வருடம் ஒரு மாதிரியான பசங்களோடு சேர்ந்துவிட்டான். டியூஷன் ஐந்தரைக்கு முடிகிறது, வீடு வந்து சேர எட்டு மணி. டியூஷனுக்கென்று ஸ்கூட்டர் கொடுத்திருக்கிறோம். ஒரு நாள் சட்டையில் சிகரெட் வாடை. கேட்டதற்கு, "நான் குடிக்கல, பக்கத்துல நின்னவன் குடிச்சான்" என்று பெயரும் சொன்னான். உடனே அந்தப் பையன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இவன் போனையும் வாங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வெளியூர் ஹாஸ்டலில் போட்டால் இந்தச் சகவாசம் அறுந்துவிடும் என்கிறார் என் அண்ணன். போடலாமா?

– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: வேண்டாம், ஆச்சி. நாலு கூட்டாளிகளிடமிருந்து பிரிக்க, நானூறு கூட்டாளிகள் இருக்கும் இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள். அங்கே ராத்திரி விளக்கணைத்த பிறகு அந்த அறையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் அவனுக்கு அம்மா, அப்பச்சி, அப்பத்தா எல்லாம். "திருத்துவதற்கென்றே" கண்டிப்பான இடங்களில் சேர்ப்பது இன்னும் மோசம். தடம் மாறிய பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்துத் திருத்தப் போனால், சில நேரம் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொண்டு கூடுதலாகக் கெடுகிறார்கள் என்று அமெரிக்காவில் 1999-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. படிப்புக்காக ஹாஸ்டல் என்றால் அது வேறு பேச்சு. கூட்டாளிகளை வெட்ட என்றால் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் விஷயம் கெட்ட இடம் சிகரெட் அல்ல, நீங்கள் போட்ட போன்.

அன்று அவன் செய்ததைப் பாருங்கள். பொய் சொல்லியிருக்கலாம், கடைவாசலில் நின்றேன் என்றிருக்கலாம். உண்மையைச் சொன்னான், பெயரையும் சொன்னான். பத்து நிமிடத்தில் அது அந்தப் பையனின் அப்பா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் டியூஷனில் நம் பிள்ளைக்கு என்ன பட்டம் கிடைத்திருக்கும் என்று யோசித்தீர்களா? வீட்டில் வாய் திறந்தால் வெளியில் தலைகாட்ட முடியாது என்பதை நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. பிள்ளையின் நடமாட்டம் நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு போட்டதாலோ தெரிந்தது குறைவு. பிள்ளை தானாக வந்து சொன்னதுதான் பெரும்பகுதி. அந்த ஒரு வழியைத்தான் நீங்கள் அடைத்திருக்கிறீர்கள்.

அதைத் திறக்க ஒரே வாக்கியம் போதும்: "அன்னைக்கு நான் போன் பண்ணினது தப்புப்பா. நீ என்னை நம்பிச் சொன்ன." அத்தோடு நிறுத்துங்கள். "ஆனாலும்" என்று ஒரு சொல் சேர்த்தால் மன்னிப்பு போய்ப் புத்திமதி வந்துவிடும். அவன் "ம்" என்பான், அல்லது அதுவும் சொல்லாமல் எழுந்து போவான். மூன்றாம் நாள் "நான் இவ்வளவு இறங்கி வந்தும் நீ பேசலையே" என்று ஆரம்பித்தால் மறுபடி பூஜ்யம். மூன்று, நான்கு வாரம் ஆகும். எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்லாதீர்கள். உள்ளி உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவனும் நாலு உரிக்கட்டும். முகம் பார்க்காமல் கை வேலையாக இருக்கும்போதுதான் இந்த வயதுக்குப் பேச்சு வரும். சொல்ல ஆரம்பித்தால் முதல் அரை நிமிடம் "சரி, அப்புறம்?" தவிர வேறெதுவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து, போதைப்பொருள், யாரோ தொட்டுத் துன்புறுத்துவது போன்றவற்றை மறைத்து வைக்க முடியாது. அப்போதும், "இதை நான் இன்னாரிடம் சொல்லித்தான் ஆகணும்" என்று அவனிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சிகரெட்டைப் பற்றிப் புகார் செய்ய வேண்டுமானால் விற்ற கடை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம்.

நம் பக்கம் கல்யாணமான மகனை வேறு வைக்கிறோம். ஒரே வளவு வீடு, அடுப்பு தனி, கணக்கு தனி. அவன் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் அவன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று ஆத்தா மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. (பார்க்கிறவர்களும் உண்டு. அது அடுத்த இதழுக்கான கேள்வி.) பதினைந்து வயதுக்கும் அப்படி ஒரு சின்ன அடுப்பு வேண்டும். முடி, சட்டை, கேட்கிற பாட்டு, பேசுகிற பாஷை எல்லாம் கூட்டாளிகளைப் பார்த்துத்தான் வரும், வந்த வேகத்தில் போகும். என்ன படிப்பது, எது சரி, எது அசிங்கம் என்பதில் வீட்டின் பிடி இன்னும் பலம். முடிவெட்டுக்குச் சண்டை போட்டே அந்தப் பலத்தைக் கரைக்கிற வீடுகள் நிறைய.

உங்கள் கையில் வைத்துக்கொள்ள மூன்று போதும்: வண்டி, போதை, வீடு திரும்பும் நேரம். வண்டியை இன்றே நிறுத்துங்கள். மற்றதில் பொறுமை சொன்ன நான் இதில் சொல்லமாட்டேன். 2005-இல் அமெரிக்காவில் வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் துணிந்து எடுத்த ஆபத்து இரண்டு மடங்கானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் கூட்டாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றமில்லை. தனியாக ஓட்டும்போது நிதானமாக இருக்கிற அதே பிள்ளைதான் பின்னால் இரண்டு பேர் ஏறியதும் முறுக்குகிறான். சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி சிறுவர் வண்டியோட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்குச் சைக்கிள் போதும்.

ஐந்தரையிலிருந்து எட்டு வரை, பெரியவர் கண் படாத, செய்ய வேலையும் இல்லாத இரண்டரை மணி நேரம். கெடுப்பது கூட்டாளி என்பதைவிட இந்த நேரம் என்பேன். வாரத்தில் இரண்டு நாள் அந்த நாலு பேரும் உங்கள் முகப்பில் உட்காரட்டும். வெள்ளைப் பணியாரம் ஊற்றி வரமிளகாய்ச் சட்டினி வையுங்கள். ஒரு உழக்கு அரிசி பத்தாது, இரண்டு போடுங்கள். கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயிலு, எத்தனை மார்க்கு" என்று அப்பத்தா ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஒருவனும் வரமாட்டான். நீங்கள் எழுதிய கடிதம் முழுக்க அவர்கள் "பசங்க"தான். ஒரு மாதத்தில் நாலு பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீதி நாட்களில் ஆறே முக்காலுக்கு வீடு. தாமதமானால் ஒரு போன். மீறினால் மறுநாள் ஒரு நாள் மட்டும் வெளியே போவதில்லை, இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கோபத்தில் "ஒரு மாசம்" என்பீர்கள், நாலாம் நாள் மனசு இளகும், அப்புறம் எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது.

போனைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்பதரைக்கு எல்லார் போனும், உங்களுடையதும், பட்டாலையில், அதாவது கூடத்தில், சார்ஜில் கிடக்கட்டும். இந்த வயதில் உடம்பின் தூக்க நேரமே ஒரு மணி, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். விடிகாலை நாலரைக்குப் படிக்க எழுப்புகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவன் சிடுசிடுப்பில் பாதி தூக்கக் கடனாகவே இருக்கலாம்.

அப்பச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எட்டு மணி என்றால் அங்கே பத்தரை, களைத்த மனிதர் கூப்பிட்டு "டெஸ்ட்ல எவ்வளவு?" என்று கேட்டு வைத்துவிடுகிறார் என்று ஊகிக்கிறேன். ஞாயிறு காலை இருபது நிமிடம், மார்க் பேச்சில்லாமல் பேசச் சொல்லுங்கள்.

பழைய கூட்டாளிகள் அத்தனை பேரையும் விட்டுவிடுவது, பள்ளிக்குப் போகாமலிருப்பது, வீட்டில் பணம் காணாமல் போவது, சாவைப் பற்றிப் பேசுவது என்று எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஹாஸ்டல் யோசனை சொன்ன அண்ணனிடம், அதாவது அவன் அம்மானிடம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கேளுங்கள். நம்மவர்கள் கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிற்கப் போன காலத்தில், இந்த வயதுப் பையன் கடையில் பணப்பெட்டிப் பக்கம், பெட்டியடியில் இருப்பான். நாள் முழுக்கப் பெரியவர்கள் நடுவில், கணக்கும் பேச்சும் கேட்டுக்கொண்டு. அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம், அதில் அழுத பிள்ளைகள் ஏராளம். ஆனால் அம்மான் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப் போய், பில் சரிபார்க்கவோ சரக்கு எண்ணவோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் ஒரு டீ. சிகரெட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.