அரிசோனா வெயிலில் வீட்டுத் தோட்டம்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி,

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலப் புதிதாக வந்த வேறு யாராவது படித்தாலும் புரியும். ஜூலையில் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லருக்கு வந்து வீடு வாங்கியிருக்கிறீர்கள். முன்பக்கம் கொஞ்சம் புல், பின்பக்கம் சரளை, அதில் மெஸ்கீட் மரம் ஒன்று, எலுமிச்சை ஒன்று, செம்பருத்தி நாலைந்து. தினமும் தண்ணீர் போயும் செம்பருத்தி இலை ஓரம் கருகுகிறது. ஆகஸ்ட் மழைக்குப் பிறகு களை முளைத்து எச்ஓஏ, அதாவது குடியிருப்போர் சங்கத்தின் கடிதமும் வந்துவிட்டது. புல்லை வைத்துக்கொள்வதா எடுப்பதா, கறிவேப்பிலை வருமா, ஆள் வைப்பதா நாமே செய்வதா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். இந்த ஊருக்கு வந்து 17 வருடம் ஆகிறது. வெயிலும் வறட்சியும் நமக்குப் புதுசா என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் இங்கே வருடம் முழுக்கச் சேர்த்தே சுமார் 7 அங்குலம், அதாவது 180 மில்லிமீட்டர்தான் மழை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் அதைப் போல நாலு மடங்கு பெய்யும். 2023 ஜூன் 30 முதல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, நம் கணக்கில் 43 டிகிரியைத் தொட்டது. அடுத்த வருடம் 113 நாள் ஒருநாள் விடாமல் 100 டிகிரிக்கு மேல். ஊர் அனுபவம் ஓரளவுதான் கைகொடுக்கும். மிச்சத்தை இந்த மண்ணிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

செம்பருத்திக்கு வருகிறேன். தண்ணீர் குறைவதால் அது கருகவில்லை, தண்ணீர் மேலாகவே நின்றுவிடுவதால் கருகுகிறது. இங்கே வரும் தண்ணீர் கொலராடோ ஆற்றிலிருந்தும் சால்ட் ஆற்றிலிருந்தும் வருவது, உப்பு கூடியது. தினமும் பத்து நிமிடம் விட்டால் நாலு விரற்கடை மண்தான் நனையும். அந்த ஈரம் சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும், உப்பு வேரிலேயே தங்கிவிடும். இலை ஓரம் தீய்ந்த மாதிரி ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்குப் பதிலாக நீளமான நேரம், ஆழமாக, பிறகு நாள் கணக்கில் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். தரையோடு படரும் சின்னச் செடிக்கு ஓரடி ஆழம், புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி. இந்த ஊர்க்காரர்கள் ஒன்று-இரண்டு-மூன்று என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அளக்க ஒரு வழி. ஹார்டுவேர் கடையில் மூன்றடி நீளக் கம்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் காலை செடிப் பக்கத்தில் குத்துங்கள். ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். அதுதான் உங்கள் தண்ணீர் போன ஆழம். நான் முதன்முதலாகக் குத்தியபோது ஆறு அங்குலத்தில் நின்றது. இன்னொன்று, எவ்வளவு தண்ணீர் விட்டும் கம்பி ஒரே ஆழத்தில் 'ணங்'கென்று நின்றால் அடியில் கலீச்சி இருக்கிறது. நம் ஊர்ச் சுக்கான் பாறையேதான். அங்கே தண்ணீர் இறங்காமல் வேரில் தேங்கும். கடப்பாரையால் உடைத்து வழிவிடாமல் அந்த இடத்தில் எதையும் நடாதீர்கள்.

டைமரை ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் இங்கே பலர் செய்வது. தண்ணீர் பில் ஏறுவதும் அதனால்தான். குறைந்தது வருடத்துக்கு நாலு தடவை மாற்ற வேண்டும். பாலைவன மரங்களுக்குக் கோடையில் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். எலுமிச்சை மாதிரி தண்ணீர் கேட்கும் மரத்துக்குக் கோடையில் ஏழிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை. ஒரே வால்வில் மரமும் பூச்செடியும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. உங்கள் வீட்டில் எப்படி என்று முதலில் பாருங்கள். பிரிக்க முடிந்தால் பிரித்துவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

உங்கள் மெஸ்கீட் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அது நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். ஊரில் வெட்டித் தள்ளுகிற ஜாதியை இங்கே காசு கொடுத்து நட்டு வளர்ப்பதைப் பார்த்து என் அப்பா வந்திருந்தபோது வாயடைத்துப் போனார். ஆனால் அது இந்தக் கண்டத்து மரம், இங்கே அது நிழல், தேனீக்குப் பூ, பறவைக்குக் கூடு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. வீடு கட்டியவர்கள் சொட்டுக் குழாயின் முனையைத் தண்டுக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். தினமும் 20 நிமிடம் தண்ணீர். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது, எனக்கும் பெருமை. ஐந்து வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் ராத்திரி, முதலில் புழுதிச் சுவர் வந்தது, பின்னாலேயே காற்று. காலையில் பார்த்தால் மரம் பின்சுவரை உடைத்துக்கொண்டு கிடக்கிறது. வேரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர்த்தட்டு ஒரு முழ ஆழம்கூட இல்லை. தட்டில் வைத்த தோசை மாதிரி மண்மேல் பரப்பி வைத்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் காலடியிலேயே தினமும் கிடைத்தால் வேர் எதற்காகக் கீழே போகும்?

அதனால் இந்த வாரமே சொட்டு முனைகளைத் தண்டிலிருந்து நகர்த்தி, கிளை விரிந்திருக்கும் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். மரம் வளர வளர இன்னும் வெளியே. சிறு மரத்தைக் கம்பில் கட்டியிருந்தால் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள், காற்றில் ஆடினால்தான் தண்டு திரளும். மான்சூன் இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று கணக்கு. அதற்கு முன், மே மாதத்துக்குள், உள்கிளைகளைக் கொஞ்சம் வெட்டி விலக்கிவிட்டால் காற்று ஊடே போகும். மொட்டையடிக்க மட்டும் விடாதீர்கள்.

களைக்கு வருவோம். முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. ப்ரீ-எமர்ஜென்ட் என்று விதை முளைப்பதைத் தடுக்கும் மருந்து விற்கிறது. சரளைமேல் வருடத்துக்கு இரண்டு தடவை. குளிர்காலக் களைக்கு இப்போது, செப்டம்பர்-அக்டோபரில். கோடைக் களைக்கு ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில். தூவிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், மழைக்கு முந்தின நாள் போட்டால் அந்த வேலையும் மிச்சம். காய்கறி விதைக்கப்போகும் இடத்தில் போடாதீர்கள், அங்கேயும் எதுவும் முளைக்காது. பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் குண்டுமணி மாதிரிப் பூக்கும் ஸ்டிங்க்நெட் என்ற களையை மட்டும் பூக்கும் முன்பே பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போடுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நாற்றம், ஒவ்வாமை, காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும்.

எச்ஓஏ கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம். கெடு தேதிக்கு முன் சுத்தம் செய்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் முடிந்துவிடும். கேட்காமல் மரம் வெட்டுவது, முன்பக்கத்தை மாற்றுவது மட்டும் வேண்டாம்.

உங்கள் புல் எது தெரியுமா? பெர்முடா என்கிறார்களே, அது அருகம்புல். பிள்ளையாருக்குப் போடுவோமே, அதேதான். புல்தரைக்கென்று கலப்பு ரகங்களும் விற்கிறார்கள். எனக்கு இது தெரியவந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்கு வாசலிலேயே பறித்து மாலை கட்டினாள் என் மனைவி. உரமும் மருந்தும் அடிக்காத மூலையில் ஒரு கைப்பிடியை நீங்களும் விட்டுவையுங்கள். கோடை முழுக்கப் பச்சையாக இருக்கும், குளிர் வந்ததும் வைக்கோல் நிறத்துக்குப் போய்த் தூங்கிவிடும், செத்துவிடாது. அக்கம்பக்கத்தில் பலர் அக்டோபரில் அருகம்புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, குளிரில் பச்சையாக இருக்கும் ரை புல் விதைப்பார்கள். அந்த மாதம் தெருவெல்லாம் எரு வாசம் அடிக்கும். விதை முளைக்கும் வரை தினமும் மூன்று நாலு தடவை தண்ணீர். மே மாதம் வெயில் ஏறியதும் ரை செத்துவிடும். ஆறு ஏழு மாதப் பச்சைக்கு அவ்வளவு தண்ணீர் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொலராடோ ஆற்றில் தண்ணீர் குறைந்து 2022 முதல் அரிசோனாவின் பங்கைக் குறைத்திருக்கிறார்கள். குழந்தை விளையாட ஒரு பாய் அளவு புல் வைத்துக்கொண்டு, அதையும் குளிரில் தூங்க விடுங்கள். புல்லை எடுத்தால் பணம் தரும் நகராட்சிகள் இந்தப் பக்கத்தில் பல உண்டு. தோண்டும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அக்டோபர் என்றதும் முக்கியமான ஒன்று. நீங்கள் பார்த்த அமெரிக்காவில் வசந்தத்தில் நடுவார்கள். இங்கே வருடம் தலைகீழ். நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ அப்படி இங்கே அக்டோபர். ராத்திரி குளிர ஆரம்பித்ததும் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, கீரை எல்லாம் போடலாம், மரம் நடவும் அதுதான் நேரம். தக்காளி, கத்தரி நாற்றைப் பிப்ரவரி கடைசி மார்ச்சில் வைத்து, தக்காளியை ஜூனுக்குள் பறித்துவிட வேண்டும். கடும் வெயிலில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். வெண்டையும் காராமணியும் கோடைக்கு அஞ்சாது.

கறிவேப்பிலை தாராளமாக வரும். காலை வெயில் படுகிற கிழக்குப் பக்கம் வையுங்கள், மேற்கு வேண்டாம். ஆனால் ஊரிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ கன்றும் விதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில்தான் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் சட்டமும் கடுமை. உள்ளூர் நர்சரியிலேயே கிடைக்கிறது.

கறிவேப்பிலைக்கு எமன் ஜனவரிக் குளிர். சாண்ட்லரில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை சில ராத்திரிகள் உறைநிலைக்குப் போகும். அன்று மத்தியானமே மண்ணை நனைத்துவிட்டு, சாயங்காலம் பழைய பெட்ஷீட்டைத் தரை வரை தொங்கும்படி போர்த்துங்கள். மண்ணிலிருந்து ஏறும் சூடுதான் செடியைக் காக்கும், அதனால் தண்டில் சுற்றிக் கட்டிப் பயனில்லை. பிளாஸ்டிக் கூடாது. காலையில் எடுத்துவிட வேண்டும். முதல் குளிரில் என் கறிவேப்பிலை கறுத்துப்போனது. செத்துவிட்டது என்று பிடுங்கப் போனவனைத் தடுத்தவர் பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பாட்டி. நகத்தால் தண்டைக் கீறிப் பார் என்று கையால் காட்டினார். உள்ளே பச்சை. மார்ச் வரை கத்தரிக்கோலைத் தொடாமல் விட்டேன், அடியிலிருந்து ஏழு துளிர். இன்றைக்கு அது கூரையைத் தொடுகிறது. செம்பருத்தி, காகிதப்பூ, உண்ணிப்பூ எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கருகிய கிளையை உடனே வெட்டினால் அடுத்த குளிர் உள்ளே போய்விடும்.

எலுமிச்சைக்கு உரம் வருடத்துக்கு மூன்று தடவை, பிப்ரவரி நடுவில், மே கடைசியில், செப்டம்பர் ஆரம்பத்தில். கீழ்க்கிளைகளைக் கழிக்க வேண்டாம். அந்தப் பாவாடைதான் தண்டுக்கு நிழல். வெயில் நேராகப் படும் தண்டுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளை லேடெக்ஸ் பெயிண்ட் பூசுங்கள், பட்டை வெடிக்காது.

ஆள் வைப்பதா என்று கேட்டீர்கள். புல் வெட்டவும், ஏணி ஏற வேண்டிய வேலைக்கும் ஆள் வையுங்கள். சொட்டுக் குழாயையும் டைமரையும் நீங்களே பாருங்கள். மாதம் ஒருமுறை தண்ணீரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு முனையிலும் கைவைத்துப் பார்த்தால் எது அடைத்திருக்கிறது, எது பீறிடுகிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். உப்பு அடைத்த முனைக்கு ஒரு டாலர்கூட ஆகாது. வேலைக்கு வருகிறவர்களிடம் புதரை உருண்டையாக வெட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அப்படி வெட்டினால் பூவே இருக்காது. அவர்கள் வரும் நாளில் ஐஸ் தண்ணீர் வைக்க மறக்காதீர்கள். கோடையில் வெளிவேலை யாராக இருந்தாலும் விடியற்காலையில்தான்.

உடம்புக்கும் இரண்டு சொல்ல வேண்டும். இந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் வரும். தோண்டும் முன் மண்ணை நனையுங்கள், முகக்கவசம் போடுங்கள். இருமலும் காய்ச்சலும் வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் தேள். கல்லையோ பூந்தொட்டியையோ வெறுங்கையால் தூக்காதீர்கள். ராத்திரி புற ஊதா விளக்கு அடித்தால் பச்சையாக ஒளிரும், குழந்தை இருக்கும் வீட்டில் அந்த விளக்கு அவசியம்.

கடைசியாக, நம்மவர்கள் தோட்டம் அதிகம் சாவது ஜூன் ஜூலையில் ஊருக்குப் போகும்போது. ஒரு வால்வு திறக்காமல் போனால் அந்த வெயிலில் பத்து நாள் போதும், மூன்று வருடச் செடி போய்விடும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நான் வந்து கைவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்.